குட்டி ரயில் சண்டித்தனம் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

முதலில் ஆட்களை இறக்கிவிடுங்கள். தடம் புரண்டாலும், நடுவழியில் நின்றாலும், பிரேக் பிடிக்காமல் போனாலும், மேலே ஆட்களை வைத்துக்கொண்டு காரணம் தேடக் கூடாது. வண்டி நகராதபடி சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பிறகு சாக்பீஸ் ஒன்றும் சிறு குறிப்பேடு ஒன்றும் கையில் எடுங்கள். வேறு எந்தக் கருவியையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

மேலே அமர்ந்து ஓட்டக்கூடிய ரயில்களுக்காக எழுதியது இது. பெரும்பாலும் 5 அங்குலம், 7¼ அங்குலம், 7½ அங்குலம் ஆகிய கேஜ்களில், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே அந்த அகலம் உள்ள பாதைகளில், ஓடுபவை. நிலக்கரி போட்டு ஓட்டும் நீராவி எஞ்சின், பேட்டரி எஞ்சின் இரண்டும் உண்டு. இவற்றுடன் பல வருடங்கள் மல்லுக்கட்டியதில் ஒன்று உறுதியாகத் தெரிந்துகொண்டேன்: கோளாறு தெரியும் இடம் வேறு, அது பிறக்கும் இடம் வேறு. வண்டி விழுந்த இடத்துக்குச் சில மீட்டர் முன்னால்தான் விழுவதற்கான காரணம் இருக்கும். கொதிகலனுக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டர் தண்ணீர் எடுக்காததற்கு அதற்கு அப்பால் உள்ள வால்வு காரணமாக இருக்கும். அறிகுறியிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். நடக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் ரயில் ஓடலாம், ஆனால் எதனால் ஓடியது என்று தெரியாமல் போய்விடும். அடுத்த முறை அதே கோளாறு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தடம் புரள்கிறது

தடம் புரண்டவுடன் வண்டியைத் தூக்கிப் பாதையில் வைக்கக் கை பரபரக்கும். சற்றுப் பொறுங்கள். வண்டி கிடக்கும் இடத்திலிருந்து, வந்த வழியே குனிந்து, தண்டவாளத்தின் தலைப்பகுதியைப் பார்த்தபடி நடங்கள். சக்கரத்தின் விளிம்பு மேலே ஏறிய இடத்தில், தண்டவாளத்தின் உள்மூலையில் பளபளவென்று மெல்லிய கீறல் ஒன்று தொடங்கும். அது சாய்வாகத் தலையின் குறுக்கே போய் வெளிப்பக்கம் இறங்கும். அதற்கு அப்பால் குறுக்குக் கட்டைகளில் வரிசையாக வெட்டுக்காயங்கள் இருக்கும். கீறல் தொடங்கும் இடத்தில் குறியிடுங்கள். நீங்கள் ஆராய வேண்டிய இடம் அதுவும் அதற்கு முன்னால் ஒரு வண்டி நீளமும்தான். கீறலே இல்லாமல் சக்கரம் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே விழுந்திருந்தால், அங்கே பாதை அகன்றிருக்கிறது, அல்லது சக்கரம் அச்சில் உள்நோக்கி நகர்ந்திருக்கிறது.

அடுத்து ஒரு கேள்வி. ஒரே இடத்தில் வெவ்வேறு வண்டிகள் விழுகின்றனவா, ஒரே வண்டி வெவ்வேறு இடங்களில் விழுகிறதா? முதலாவது என்றால் பாதையில் கோளாறு, இரண்டாவது என்றால் வண்டியில் கோளாறு. குறிப்பிட்ட ஒரு வண்டி குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் விழுகிறது என்றால் இரண்டுமே எல்லையில் நிற்கின்றன. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் தெரியும். இந்த மூன்றாவது வகைதான் ஆளை அலைக்கழிக்கும். அப்போது இரண்டையும் திருத்த வேண்டும். ஒன்றை மட்டும் திருத்தினால் கொஞ்ச நாள் அடங்கியிருந்து மறுபடியும் தலைகாட்டும்.

பாதையில் தேடும்போது கேஜை அளப்பதுடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் ரயிலைக் கவிழ்ப்பதில் முறுக்குக்குத்தான் முதலிடம். ரசமட்டத்தை இரண்டு தண்டவாளங்களின் மேலும் குறுக்காக வைத்து, 30 செ.மீ.க்கு ஒருமுறை நகர்த்திக்கொண்டே குமிழைக் கவனியுங்கள். குமிழ் தொடர்ந்து ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் பாதை சாய்ந்திருக்கிறது. அதனால் உடனடி ஆபத்து இல்லை. இங்கே இடப்பக்கம், ஒரு வண்டி நீளத்துக்குள் வலப்பக்கம் என்று குமிழ் ஓடினால் அது முறுக்கு. அந்த இடத்தில் நான்கு சக்கரங்களில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். பாரம் தாங்காத சக்கரத்தின் விளிம்பு, வளைவில் சிறிது உந்தினாலும் ஏறிவிடும். ஜல்லிக்கு அடியில் மண் இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம். கட்டையைத் தூக்கி ஜல்லியை இடித்து நிரப்பினால் போதும், தண்டவாளத்தை வளைக்கவோ நிமிர்த்தவோ தேவையில்லை.

வெயில் ஏறிய பிறகு மட்டும் தடம் புரள்கிறது என்றால் இணைப்புகளைப் பாருங்கள். 3 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும்போது சுமார் 1 மி.மீ. நீளும். அலுமினியம் ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு, அதாவது 2 மி.மீ. நீளும். குளிர்ந்த காலையில் இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்ட 20 அலுமினியத் தண்டவாளங்கள் நண்பகலில் 4 செ.மீ. நீள இடம் கேட்கும். இடம் இல்லாதபோது பாதை பக்கவாட்டில் பிதுங்கும். மாலையில் நீங்கள் அளக்கப் போகும்போது அது நேராகி, ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கும். பிதுங்கும் நேரத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். இணைப்புத் தகடுகளின் நட்டுகளை மிக இறுக்கமாக முடுக்கியிருந்தாலும் தண்டவாளம் நகர முடியாமல் இதே கதைதான் நடக்கும்.

வண்டிப் பக்கம் வருவோம். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள உட்பக்க இடைவெளியை வெர்னியர் அளவியால் அளங்கள். ஒரே இடத்தில் அளந்தால் போதாது. சக்கரத்தை மூன்றில் ஒரு சுற்று வீதம் திருப்பி மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்று அளவும் ஒன்றாக இருந்து, உங்கள் பாதைக்கு வகுத்த தரத்திலிருந்து விலகியிருந்தால் சக்கரம் அச்சில் நகர்ந்துவிட்டது. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் அச்சு வளைந்திருக்கிறது, அல்லது சக்கரம் கோணலாக ஏறியிருக்கிறது. விளிம்பின் அடியில், அது உருளும் பரப்புடன் சேரும் இடத்தில், மெல்லிய வளைவு இருக்க வேண்டும். தேய்ந்து கத்திபோல் ஆன விளிம்பு எந்த இணைப்பிலும் நுனியை நுழைத்து ஏறிவிடும். விரலால் தடவினாலே தெரியும்.

அடுத்து போகி, அதாவது பெட்டியின் அடியில் நடு முளை ஒன்றில் திரும்பும்படி மாட்டிய சக்கரச் சட்டம். வண்டியின் ஒரு மூலையைக் கையால் தூக்கிப் பாருங்கள். சிறிது தூரத்துக்குப் போகி பாதையிலேயே கிடந்து, மேற்கட்டு மட்டும் உயர வேண்டும். இரண்டும் சேர்ந்தே எழுந்தால் பக்கத் தாங்கிகள் மிக நெருக்கமாக உள்ளன. பாதையின் முறுக்கை அந்த வண்டியால் விழுங்க முடியாது. நடு முளை எண்ணெய் காய்ந்து போயிருந்தாலும் வளைவிலிருந்து வெளியே வந்த போகி நேராகத் திரும்பாமல் கோணலாகவே ஓடும். இதை உறுதி செய்ய, வளைவுக்கு அடுத்த நேர்பாதையில் எது தடம் புரள்கிறது என்று கவனியுங்கள். வளைவை நல்லபடியாகக் கடந்துவிட்டு நேர்பாதையில் விழும் வண்டிக்கு முளையில்தான் கோளாறு.

ஆட்கள் இல்லாமல் ஓடும் வண்டி, ஆட்கள் ஏறியதும் விழுகிறது என்றால் அது எடைக் கணக்கு. நிஜ ரயிலில் ஒரு பயணியின் எடை பெட்டியின் எடைக்கு முன் ஒன்றுமே இல்லை. நம்முடைய ரயிலில் பயணி பெட்டியைவிடக் கனமானவர். 184 மி.மீ. அகலமுள்ள பாதையின் மேல் அவர் உடம்பு முழுவதும் உயரத்தில் இருக்கிறது. ஒருவர் பக்கத்தில் திரும்பிப் புகைப்படம் எடுத்தாலே போதும், ஒரு பக்கச் சக்கரங்களின் பாரம் பாதியாகிவிடும். இருக்கையைத் தாழ்த்துங்கள், கனமானவரைச் சக்கரங்களுக்கு நேர் மேலே உட்கார வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

வேகம் என்றவுடன் எனக்கு வால்ட் டிஸ்னியின் வீட்டு ரயில்தான் நினைவுக்கு வரும். 7¼ அங்குல கேஜில், எட்டில் ஒரு பங்கு அளவில், லில்லி பெல் என்ற நீராவி எஞ்சினை வைத்து, லாஸ் ஏஞ்சல்ஸில் தம் வீட்டைச் சுற்றி 1950-ல் அவர் பாதை போட்டார். 1953-ல் விருந்தினர் ஒருவர் வளைவில் வேகமாக ஓட்டி எஞ்சினைத் தடம் புரள வைத்தார். கசிந்த நீராவி ஐந்து வயதுச் சிறுமியைச் சுட்டுவிட்டது. அத்துடன் டிஸ்னி பாதையை மூடிவிட்டார். கவிழ்ந்த நீராவி எஞ்சினிடம் குழந்தைகளை நெருங்க விடாதீர்கள். உடைந்த ஒரு சிறு குழாய் போதும்.

உங்கள் பாதையில் ஒழுங்காக ஓடும் வண்டி வேறொரு பாதையில், அதுவும் பாதை பிரியும் பாயின்ட்டுகளில் மட்டும் விழுகிறதா? கேஜைச் சரிபாருங்கள். பிரிட்டனில் 7¼ அங்குலமே வழக்கம். வட அமெரிக்காவில் வடகிழக்குப் பகுதி நீங்கலாகப் பெரும்பாலும் 7½ அங்குலம். 6 மி.மீ.க்குச் சற்று அதிகமான இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பாயின்ட்டுக்குத் தெரியும். பாயின்ட்டில் வேறு மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: நகரும் நாக்கு முழுவதும் ஒட்டி மூடுகிறதா, நடுவே சிறு கல் சிக்கியிருக்கிறதா, குறுக்கிடும் முனைக்கு எதிரே உள்ள காப்புத் தண்டவாளம் சக்கரத்தை உண்மையிலேயே இழுத்துப் பிடிக்கிறதா.

ஏற்றத்தில் சக்கரம் வழுக்குகிறது

இங்கே ஸ்பேனருக்கு முன் பேனாவை எடுங்கள். எஞ்சின் 150 கிலோ, மூன்று பெட்டிகள் 180 கிலோ, ஆறு பேர் 420 கிலோ, மொத்தம் 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50-க்கு 1 ஏற்றத்தில் இதை இழுக்க, ஏற்றத்துக்கு மட்டும் 15 கிலோ இழுவிசை வேண்டும். உருளும் தடைக்கும் வளைவுக்கும் சேர்த்து இன்னொரு 10 கிலோ என்றால் 25. காய்ந்த எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் தன் மேல் உள்ள எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குவரை பிடிக்கும். எஞ்சினின் 150 கிலோவும் ஓட்டும் சக்கரங்களின் மேல் இருந்தால் 30 கிலோ கிடைக்கும், ஏறிவிடும். முன்னால் உள்ள சிறு சக்கரங்கள் 50 கிலோவைத் தாங்கிக்கொண்டால் 20 கிலோதான் கிடைக்கும், வழுக்கும். தண்டவாளம் ஈரமானால் பிடிப்பு பாதியாகிவிடும். அப்போது சிலரை இறக்கத்தான் வேண்டும்.

கணக்கு சரியாக வந்தும் வழுக்கினால் எண்ணெயைத் தேடுங்கள். வெள்ளைத் துணியால் தண்டவாளத்தைத் துடைத்தால் கருப்புப் பிசுக்கு வருகிறதா? அது பெரும்பாலும் நம் எஞ்சினே சிந்தியது. நசுங்கிய இலையும் வழுக்கும். எண்ணெயும் இல்லை, இலையும் இல்லை என்றால் எஞ்சினை விட்டுவிட்டுப் பெட்டிகளைத் தள்ளிப் பாருங்கள். பிரேக் கட்டை உரசிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பெட்டி, ஏற்றத்தைவிட அதிகத் தடை கொடுக்கும். ஒவ்வொன்றையும் தனியே கழற்றி, சமதளத்தில் கையால் உந்தி, எவ்வளவு தூரம் உருள்கிறது என்று காலடியால் அளங்கள். மற்றவற்றில் பாதி தூரம்கூடப் போகாத பெட்டியில்தான் கோளாறு.

நீராவி அழுத்தம் ஏறவில்லை

எப்போது ஏறவில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிற்கும்போது புளோயரை, அதாவது புகைபோக்கியில் நீராவியை ஊதி நெருப்புக்குக் காற்றிழுக்கும் குழாயை, திறந்தும் ஏறாவிட்டால், காற்று நெருப்பின் வழியாகப் போகாமல் வேறு வழியில் நுழைகிறது. முதல் சந்தேகம் புகைபோக்கிக்குக் கீழே உள்ள புகைப்பெட்டி. அதன் கதவு, அடியில் குழாய்கள் நுழையும் துளைகள், புகைபோக்கியின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் புகையும் திரி ஒன்றைப் பிடித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். புகை எங்கே உள்ளே உறிஞ்சப்படுகிறதோ அங்கே ஓட்டை. ஓட்டையை அடைத்துவிட்டுப் பாருங்கள், அதே நெருப்பு வேறு நெருப்பாக எரியும். சாம்பல் தட்டு நிரம்பியிருந்தாலும் அடியிலிருந்து காற்று வராது. அதைப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

நிற்கும்போது நன்றாக ஏறி, ஓடும்போது விழுந்தால், சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. வெளியேற்றுக் குழாயின் முனை புகைபோக்கிக்கு நேர் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். முனையில் பொருந்தும் நேரான கம்பி ஒன்றைச் செருகினால், அது புகைபோக்கியின் மேல்வாயில் நான்கு பக்கமும் சம இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் நீராவி சுவரில் அடித்து வலிமை இழந்துவிடும். முனையைச் சுற்றிக் கரியும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியான கருப்பு வளையம் படிந்திருந்தால் சுரண்டி எடுங்கள்.

ஓடத் தொடங்கிய அரை மணி நேரம் நன்றாக இருந்து பிறகு சோர்ந்தால் நெருப்பைப் பாருங்கள். நெருப்பு எரியும் கம்பித்தட்டின் மேல் கண்ணாடிபோல் உருகிக் கெட்டியான கட்டி காற்றை அடைத்திருக்கும். அல்லது கொதிகலன் குழாய்களில் சாம்பல் நிரம்பியிருக்கும். தூரிகை ஒவ்வொரு குழாயிலும் மறுமுனை வரை போக வேண்டும். நெருப்பின் ஒரு மூலையில் கண் கூசும் வெள்ளைத் துளை தெரிந்தால், அங்கே நிலக்கரி இல்லை. அந்த வழியாகக் குளிர்ந்த காற்று நேராகக் குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் துளைக்குப் போதுமான அளவு மட்டும் போடுங்கள். அழுத்தம் விழும் பதற்றத்தில் ஒரேயடியாக அள்ளிப் போட்டால் அழுத்தம் மேலும் விழும்.

இன்ஜெக்டர் தண்ணீர் எடுக்கவில்லை

1858-ல் பிரான்சின் ஆன்ரி ஜிஃபார் காப்புரிமை பெற்ற இந்தச் சிறு பொருளில் நகரும் பாகம் ஏறக்குறைய எதுவும் இல்லை. கொதிகலனின் நீராவியே தண்ணீரை அதே கொதிகலனின் அழுத்தத்தை எதிர்த்து உள்ளே தள்ளுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்கியதில்லை. நம் அளவில் அதன் கூம்புகளின் துளை குண்டூசியின் தடிமனை ஒட்டியது. அதனால் அதற்குக் கோபம் சீக்கிரம் வரும்.

வழியும் குழாய் என்ன சொல்கிறது என்று பாருங்கள். தண்ணீர் தாராளமாகக் கொட்டினால் நீராவி போதவில்லை, அல்லது வரும் தண்ணீர் அதிகம், அல்லது கொதிகலனுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. நீராவியே சீறிக்கொண்டு வந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது தண்ணீர் சூடு. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டிவிட்டால் நீராவி அதில் கரைந்து ஒடுங்காது. இன்ஜெக்டர் வேலை செய்யாது. முதலில் தண்ணீர், பிறகு நீராவியை முழுவதும், கடைசியாக வழிவது நிற்கும்வரை தண்ணீரை மெல்லக் குறைப்பது, இதுதான் வரிசை. தண்ணீர் இழுக்கும் குழாயில் ஒரு நட்டு தளர்ந்து காற்று நுழைந்தாலும் விட்டுவிட்டு எடுக்கும். சலங்கை ஒலிபோல் நடுங்கும் சத்தம் கேட்கும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு சோதனை. இன்ஜெக்டரைத் திறக்காமல், சில நிமிடம் கழித்து, அதன் உடலைச் சட்டென்று தொட்டுப் பாருங்கள். வேலை செய்யாதபோது அது குளிர்ந்திருக்க வேண்டும். சுட்டால் கொதிகலனிலிருந்து சூடான நீர் திரும்பிக் கசிகிறது. இன்ஜெக்டருக்கும் கொதிகலனுக்கும் நடுவில் உள்ள ஒருவழி வால்வு ஒழுங்காக மூடவில்லை. அல்லது நீராவி வால்வு கசிகிறது. இந்தச் சோதனை தெரியாத காலத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே இன்ஜெக்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். சிட்ரிக் அமிலத்தில் ஊறப் போட்டேன், கூம்புகளைக் கழுவினேன், புதிய வாஷர் போட்டேன். மூன்றாம் வாரம் ஒருவழி வால்வைத் திறந்தபோது, அதன் குண்டு உட்காரும் விளிம்பில் கடுகைவிடச் சிறிய உப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் தட்டிவிட்டேன். அன்று மாலை முழுவதும் ஒரு தடவைகூட மறுக்காமல் தண்ணீர் எடுத்தது.

கூம்புகளைச் சுத்தம் செய்ய நேர்ந்தால் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பான அந்தச் சிட்ரிக் அமிலமோ வினிகரோ போதும். உள்ளே எஃகுக் கம்பியையோ துளைக் கருவியையோ விடவே கூடாது. வேண்டுமானால் கூராகச் சீவிய மரக்குச்சி. துளை மயிரிழை அகன்றாலும் அந்த இன்ஜெக்டர் பிறகு சரிவராது.

நீர்மட்டக் கண்ணாடி சந்தேகமாக இருக்கிறது

மற்ற எல்லாக் கோளாறுகளும் ஒரு நாளைக் கெடுக்கும். இது ஆளையே கெடுக்கும். ஆகவே ஓட்டுவதற்கு முன்பும் ஓட்டும்போது அவ்வப்போதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: கண்ணாடியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து, நீர் இறங்கியதும் மூடுங்கள். நீர் துள்ளி ஏறி, சிறிது ஆடி, பழைய மட்டத்தில் நிற்க வேண்டும். சோம்பலாக ஏறினால் அடி வழியில் படிவு சேர்ந்திருக்கிறது. மேல் வழி அடைபட்டிருந்தால் கண்ணாடி பொய் சொல்லும்: மேலே சிக்கிய நீராவி குளிர்ந்து ஒடுங்க, நீர் மேலே இழுக்கப்பட்டு, கொதிகலன் நிறைந்திருப்பதுபோல் காட்டும். ஓடும் ரயிலில் நீர்மட்டம் லேசாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் நிற்கும் மட்டத்தை நம்பாதீர்கள்.

கண்ணாடியில் தண்ணீரே தெரியாவிட்டால் உடனே தண்ணீர் ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். நெருப்பறையின் மேற்தகடு தண்ணீர் மூடாமல் பழுக்கக் காய்ந்திருந்தால், அதன் மேல் படும் தண்ணீர் கணத்தில் நீராவியாகிவிடும். நெருப்பைக் கீழே தள்ளுங்கள், ஆட்களை விலக்குங்கள், தானாகக் குளிர விடுங்கள். அதன் பிறகு அந்தக் கொதிகலனைச் சோதனை அதிகாரம் உள்ளவர் பார்த்து, நீரழுத்தச் சோதனை முடியும்வரை நெருப்பு மூட்டக் கூடாது. பாதுகாப்பு வால்வு குறித்த அழுத்தத்தில் திறக்காவிட்டாலும் இதே கண்டிப்புதான். அதை இறுக்கியும் தளர்த்தியும் சமாளிக்க முயலவே கூடாது.

புகைபோக்கியிலிருந்து தண்ணீர் தெறிக்கிறது, சத்தம் நொண்டுகிறது

தண்ணீர் தெறித்தால், சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மெல்ல மூடி, சிலிண்டரின் வடிகால்களைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவில் மாட்டினால் மூடியை உடைத்துக்கொண்டு வெளியேறும். கொதிகலனை அளவுக்கு மேல் நிரப்பியிருப்பீர்கள், அல்லது தண்ணீர் அழுக்காகி நுரைக்கிறது. சிறிது வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள்.

சத்தத்தைக் காதால் எண்ணுங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு முறை மூச்சு விடும். ஒன்றும் மூன்றும் ஒரு சிலிண்டருக்குச் சொந்தம், இரண்டும் நான்கும் மற்றதற்கு. ஒன்றுவிட்டு ஒன்று மெலிந்தால் ஒரு சிலிண்டர் முழுவதுமே சரியில்லை. நான்கில் ஒன்று மட்டும் மெலிந்தால் வால்வு அதன் தண்டில் சிறிது நகர்ந்திருக்கிறது. மூச்சுகளுக்கு நடுவே விடாமல் சீறல் கேட்டால், பிரேக்கைப் போட்டு, வால்வை நடுநிலையில் வைத்து, ரெகுலேட்டரை லேசாகத் திறங்கள். புகைபோக்கியில் நீராவி வந்தால் வால்வு கசிகிறது. வராவிட்டால் பிஸ்டன் வளையங்களைச் சந்தேகியுங்கள். கூடவே எண்ணெய் ஊட்டியில் எண்ணெய் குறைகிறதா என்றும் பாருங்கள். குறையாத எண்ணெய் சிலிண்டருக்குப் போகாத எண்ணெய்.

பேட்டரி எஞ்சின் திணறுகிறது

சாவியைத் திருப்பியும் அசையவே இல்லை என்றால் வேகக் குமிழ் சுழியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள், குமிழ் சுழியத்தில் இல்லாதபோது மின்சாரம் வந்தால் ஓட மறுக்கும். அது கோளாறு அல்ல, காவல். பிறகு ஃபியூஸ்.

சமதளத்தில் ஓடி ஏற்றத்தில் இறந்துபோகிறது என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். ஓய்வில் அளந்து ஏமாற வேண்டாம். ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டிவிட்டு, சுமை வந்ததும் சரிந்துவிடும். ரயிலை இழுக்க வைத்தபடி ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே அளங்கள். தொடராக இணைத்த இரண்டில் ஒன்று 11.8-லும் மற்றது 10-க்குக் கீழும் நின்றால் இரண்டாவது செத்துக்கொண்டிருக்கிறது, முதலாவதையும் தன்னோடு இழுக்கிறது.

பேட்டரிகள் நன்றாக இருந்தால் மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி முனையிலும் மற்றதை அதே முனையில் மாட்டிய கேபிளின் வளையத்திலும் வையுங்கள். இரண்டும் ஒரே இடம்தானே, சுழியம்தானே காட்ட வேண்டும்? சுமையில் 0.5 வோல்ட் காட்டினால், 60 ஆம்பியரில் அந்த ஒரு நட்டுக்கு அடியில் 30 வாட் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. ஈயப் பற்றுவைக்கும் சிறு சால்டரிங் கோல் ஒன்றின் சூடு அது. கழற்றிப் பாருங்கள்: வளையத்தின் செம்பு ஊதா நிறத்துக்கு மாறியிருக்கும், பக்கத்துக் காப்புறை இளகியிருக்கும். தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கினால் எஞ்சினுக்குப் பாதி உயிர் திரும்பி வரும். இதேபோல் ஸ்விட்ச், ஃபியூஸ் தாங்கி, ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் அளந்துகொண்டே போங்கள்.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் மின்சாரத்தை மறந்துவிடுங்கள். பற்சக்கரத்தைத் தண்டில் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது சங்கிலி தாண்டுகிறது.

பிரேக்

உங்களுடையது எந்த வகை என்று தெரிந்த பிறகே இதைப் படிக்க வேண்டும். ஒரு வகையில் வெற்றிடம் பிரேக்கை விலக்கிப் பிடித்திருக்கும். கசிவு வந்தால் பிரேக் தானாகப் போட்டுக்கொண்டு ரயில் இழுக்காது. இன்னொரு வகையில் வெற்றிடம்தான் பிரேக்கைப் போடும். கசிவு வந்தால் பிரேக் இல்லை, அது தேவைப்படும் கணம் வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இரண்டாவது வகை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் நின்ற நிலையில் பிரேக்கைப் போட்டு, ஒவ்வொரு பெட்டியையும் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும்.

கசிவைத் தேட ரயிலைப் பாதியாகப் பிரியுங்கள். நடுவில் ரப்பர்க் குழாயைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து முனையை அடைத்து, வெற்றிடம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கோளாறு பின்பாதியில். அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்குங்கள். எட்டுப் பெட்டிகளானாலும் மூன்று முறையில் குற்றவாளிப் பெட்டிக்கு வந்துவிடலாம். அங்கே ரப்பர்க் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்புகள் வளைக்கும்போது வாய் திறக்கும்.

திருத்திய பிறகு

முதல் சுற்று ஆளில்லாமல், நடை வேகத்தில், நீங்கள் பக்கத்தில் நடந்தபடி. இரண்டாவது சுற்றுக்குப் பயணிகளின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். சாக்பீஸ் குறியிட்ட இடத்தில் முழங்காலிட்டு, சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மூலையை விட்டு விலகாமல் கடந்து போகிறதா என்று ஒவ்வொரு சக்கரமாகப் பாருங்கள். கடைசியாக அச்சுப் பெட்டிகளை வரிசையாகத் தொட்டு வாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சுட்டால் அதற்கு எண்ணெய் வேண்டும், அல்லது பேரிங் மாற்ற வேண்டும். குறிப்பேட்டில் தேதி, அறிகுறி, எதை மாற்றினீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். பிறகு ஆட்களை ஏற்றலாம்.